புது நிச்சயதார்த்த மோதிரத்துல கல்லு ஆடுது, யார்கிட்ட எப்படி சொல்றது?

முகூர்த்த சீசன் வந்தாலே மோதிரம் பத்தின கேள்வி நெறைய வரும். இந்த தடவ கல்ல புடிக்கிற கம்பி சரியில்லன்னு மட்டுமே வரிசையா வந்திருக்கு, அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். எங்க வீட்ல கல் கட்டுறது தான் தொழில், பட்டறைக்கு பக்கத்துலயே வளர்ந்தவ நான், அந்த பழக்கத்துல தெரிஞ்சத சொல்றேன்.

அக்கா, எனக்கு போன மாசம் நிச்சயம் ஆச்சு. மாப்பிள்ளை வீட்ல வைர மோதிரம் போட்டாங்க. ஒத்தக் கல்லு, கல்லோட எடை 30 சென்ட், 18 கேரட் ஒயிட் கோல்டு, நாலு கம்பி புடிச்ச டிசைன். மறுநாள்ல இருந்தே துப்பட்டா நூல எல்லாம் இழுக்குது. போன்ல ஜூம் பண்ணி பாத்தா ஒரு கம்பி கல்லு மேல படியாம தனியா நிக்குது, கல்லும் ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கு. கடைக்கு போன் போட்டு கேட்டா "போடப் போட செட் ஆயிடும் மேடம்"னு சொல்றாங்க. அம்மா என்னன்னா "நிச்சய மோதிரத்த கழட்டாத, திருப்பிக் குடுத்தா அபசகுனம், அவங்க வீட்ல தப்பா நெனப்பாங்க, கல்யாணம் முடியட்டும்"ங்கறாங்க. கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கு. என்ன பண்ணட்டும்?
– பேர் வேணாம், தண்டையார்பேட்டை

தங்கச்சி, இத படிக்கும்போது மோதிரம் விரல்ல இருந்துச்சுன்னா மொதல்ல கழட்டி ஒரு சின்ன ஜிப் கவர்ல போட்டு பீரோல வெச்சிடு, மீதிய அப்புறம் படி. விரல்ல இருக்கற ஒவ்வொரு நாளும் கல்லு விழறதுக்கு வாய்ப்பு இருக்கு, 30 சென்ட் கல்லுன்னா அகலமே 4 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல தான், பஸ்லயோ குழாயடியிலயோ விழுந்தா தேடி எடுக்கவே முடியாது. கழட்டறது அபசகுனம்னு அம்மா பயப்படறாங்க, அவங்க பயம் எனக்கு புரியுது, ஆனா கல்யாணத்தன்னிக்கு கல்லு இல்லாத வெறும் கூடா அந்த மோதிரம் விரல்ல இருந்தா அவங்களுக்கு தான் இதவிட பெரிய வேதனையா இருக்கும், இத அம்மாகிட்ட பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லு.

போடப் போட செட் ஆகும்னு கடைல சொன்னது சுத்தமா தப்பு. எப்படின்னு சொல்றேன். ஒவ்வொரு கம்பியிலயும் உள்பக்கமா பள்ளம் மாதிரி ஒரு சின்ன காடி வெட்டுவாங்க, வைரத்தோட இடுப்பு மாதிரி இருக்கற விளிம்பு அந்த காடிக்குள்ள போய் உக்காரணும், அப்புறம் கம்பியோட நுனிய கல்லு மேல மடிச்சு அழுத்தி, உருண்டையா தேய்ச்சு விடுவாங்க. நாலு காடியும் ஒரே உயரத்துல இருந்தா தான் கல்லு நேரா உக்காரும். ஒண்ணு கொஞ்சம் மேலயோ கீழயோ போச்சுன்னா கல்லு சாயும், ஒரு கம்பிக்கும் கல்லுக்கும் நடுவுல சந்து விழும். கட்டில் கால் ஒண்ணு தரையில படலன்னா மொத்த கட்டிலும் எப்படி ஆடுமோ அதே கதை தான். அந்த சந்துல தான் உன் துப்பட்டா நூல் மாட்டுது. நூல் மாட்டி இழுக்கும்போது கம்பி இன்னும் வெளிய வளையும், தங்கம் தானா திரும்பி வந்து கல்ல புடிக்காது, அதனால போடப் போட மோசமா தான் ஆகும். காடிய ரொம்ப ஆழமா வெட்டி இருந்தா அது இன்னொரு ஆபத்து, கம்பியோட தடிமன்ல பாதிக்கு மேல வெட்டினா அந்த இடத்துல வெறும் தோல் மாதிரி தான் தங்கம் நிக்கும், மேல இருந்து பாத்தா எல்லாம் அழகா தெரியும், ஒரு நாள் கதவுல இடிச்சா கம்பி அப்படியே ஒடஞ்சு வந்துடும்.

இப்போ தங்கம் விக்கற வெலைல மோதிரம் எல்லாம் லைட் வெயிட்டா பண்றேன்னு கம்பிய மெல்லிசாக்கிட்டே போறாங்க, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. வெயிட்ட குறைக்கணும்னா வளையத்துல குறைங்க, கல்ல தாங்கற இடத்துல கை வைக்காதீங்கன்னு கடைக்காரங்க யார பாத்தாலும் நான் சொல்றது.

வீட்லயே செய்யற சோதனை ரெண்டு இருக்கு. மோதிரத்த காதுகிட்ட கொண்டு போய் விரல் நகத்தால மெல்ல தட்டு, டிக்டிக்னு உள்ள சத்தம் கேட்டா கல்லு ஆடுது. அப்புறம் பல்குத்தற குச்சியால, மரக் குச்சி தான், ஊசி கூடாது, கல்லோட பக்கவாட்டுல லேசா தள்ளிப் பாரு, சுத்துனாலோ அசைஞ்சாலோ அதோட நிறுத்திக்க. யூட்யூப்ல பாத்துட்டு வீட்டு ப்ளையர வெச்சு யாராவது கம்பிய அழுத்தி விடறேன்னு வந்தா குடுத்துடாத. வைரம் கீறல் விழாத அளவுக்கு கடினம்ங்கறது உண்மை, கடினத்த அளக்கற மோஸ் அளவுல 10, ஆனா விளிம்புல ஒரு பக்கமா அழுத்தம் விழுந்தா தெறிக்கும், அப்படி தெறிச்சா கடைக்காரர் பழிய உன் மேல போட்டுடுவாரு.

சரி, இப்போ மாப்பிள்ளை வீடு. மறைச்சு நீயே போய் சரி பண்ணிட்டு வரலாம்னு தோணும், ஆனா பில்லும் வைர சர்டிபிகேட்டும் அவங்க வீட்ல தானே இருக்கும், அது இல்லாம கடைல பேச்சே எடுபடாது. அதனால சொல்லியே ஆகணும். மாமியார்கிட்ட நேரா ஆரம்பிக்காத, மொதல்ல அவர்கிட்ட போன்ல சொல்லு, நீ ஜூம் பண்ணி எடுத்த போட்டோவ அனுப்பு. "மோதிரம் எனக்கு ரொம்ப புடிச்சிருக்குங்க, அதான் கல்லு விழுந்துடுமோன்னு பயமா இருக்கு, கடைல கம்பிய சரியா கட்டல, கல்யாணத்துக்கு முன்னாடியே சரி பண்ணிடலாமா" அவ்ளோ தான். கொறை கடை மேல தான், அவங்க செலெக்ஷன் மேல இல்லன்னு மொத வாக்கியத்துலயே தெரிஞ்சிடணும். அவரு அவங்கம்மாகிட்ட சொல்ற விதமா சொல்லிக்குவாரு. பெரியவங்க மனசு கஷ்டப்படுமேன்னா, மோதிரத்த ஒரு தட்டுல மஞ்சள் குங்குமத்தோட வெச்சு வாங்கி, சரி பண்ணி வந்த பிறகு ஒரு நல்ல நாள்ல சாமி படத்துக்கிட்ட வெச்சு அவங்க கையாலயே திரும்ப போட்டு விடச் சொல்லு, எங்க பக்கத்துல அப்படி செஞ்ச குடும்பங்கள் உண்டு, யாருக்கும் மனசு சங்கடப்படல.

கடைக்கு நீயும் அவரும் சேர்ந்தே போங்க. பத்து மடங்கு பெருசா காட்டற லென்ஸ், லூப்னு சொல்வாங்க, அத கேட்டு வாங்கி உங்க கண்ணால பாருங்க, பக்கவாட்டுல இருந்து பாக்கணும், மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. நாலு நுனியும் ஒரே அளவா இருக்கா, நாலும் கல்லு மேல ஒட்டி படிஞ்சிருக்கா, கம்பி அடியில சேர்ற இடத்துல கோடு மாதிரி விரிசலோ பொடிப் பொடி ஓட்டையோ இருக்கான்னு பாருங்க. காடி நல்லா இருந்து நுனி மட்டும் தூக்கி இருந்தா அழுத்தி டைட் பண்ணினா போதும், சின்ன வேலை. நுனியில தங்கம் பத்தலன்னா மேல தங்கம் வெச்சு ஏத்தி விடுவாங்க. காடியே தப்பான உயரத்துல வெட்டி இருந்தா, விரிசல் இருந்தா, கல்லு உக்கார்ற அந்த கூட்டையே மாத்தணும், இல்லன்னா மோதிரத்தையே மாத்திக் குடுக்கணும், அதுக்கு கம்மியா ஒத்துக்காதீங்க. புது மோதிரத்துல செட் பண்ணும்போதே வந்த குறை இது, எந்த வேலைக்கும் காசு குடுக்க வேண்டியதில்ல. ஒயிட் கோல்டுங்கறதால வேலை முடிஞ்சதும் ரோடியம் பாலிஷ், அதாவது மேல போடற வெள்ளை உலோகப் பூச்சு, திரும்ப போடணும், இல்லன்னா தேய்ச்ச இடம் மஞ்சளா தெரியும், அதையும் அவங்க கணக்குலயே முன்கூட்டியே பேசிடுங்க.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க, "எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம் மேடம்"னு சிரிச்சிட்டே சொல்லி பழைய நகை மாதிரி செய்கூலி, சேதாரம், கல்லுக்கு இவ்ளோ பர்சன்ட்னு கழிச்சு கணக்கு போடுவாங்க. குறை உள்ள சரக்க மாத்தறது வேற, நாம இஷ்டப்பட்டு நகை மாத்தறது வேற. ஒரு ரூபா கூட கழிக்க விடாதீங்க.

மேடம், தம்பிக்கு பொண்ணு பாத்து நிச்சயம் பண்ணினோம். பொண்ணுக்கு போட்ட மோதிரத்துல ரெண்டே வாரத்துல ஒரு பக்கக் கல்லு விழுந்துடுச்சு. கடைல கேட்டா "எங்கயோ இடிச்சிருப்பீங்க, கல்லுக்கு கேரண்டி இல்லன்னு பில்லுலயே போட்டிருக்கு, ஹால்மார்க் நகை தானே, அப்புறம் என்ன"ன்னு பேசறாங்க. சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா?
– மாப்பிள்ளையோட அண்ணன், கொருக்குப்பேட்டை

முடியும் தம்பி. ஹால்மார்க்க பத்தி அவங்க சொன்னத மொதல்ல பாத்துடுவோம். ஹால்மார்க் தங்கத்தோட தரத்துக்கு மட்டும் தான். பிஐஎஸ்ங்கற இந்திய தர நிர்ணய அமைப்போட முத்திரை, 18 கேரட்டுன்னா 750ங்கற எண், அப்புறம் ஒவ்வொரு நகைக்கும் தனியா குடுக்கற, எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு இருக்கற ஹெச்யூஐடி அடையாளக் குறி, இந்த மூணும் இருக்கணும், 2023 ஏப்ரல் 1ல இருந்து ஹெச்யூஐடி இல்லாம நம்ம ஊர்ல விக்கவே கூடாது. பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த ஆறு எழுத்த போட்டா விவரம் வரும். ஆனா கல்லு நல்லா கட்டி இருக்காங்களா, கம்பி தாங்குமாங்கறதுக்கும் அந்த முத்திரைக்கும் சம்பந்தமே இல்ல, அத காட்டி உங்கள வாயடைக்க பாக்கறாங்க.

இடிச்சிட்டீங்கன்னு சொல்றதுக்கு ஆதாரம் மோதிரத்துலயே இருக்கும். நல்லா இடி பட்டிருந்தா கம்பி ஒரு பக்கமா நசுங்கி இருக்கும், வளையம் கோணி இருக்கும், கீறல் இருக்கும். அப்படி எதுவுமே இல்லாம கல்லு மட்டும் வந்திருந்தா கட்டினது சரியில்லன்னு தான் அர்த்தம். மோதிரத்துல கல்லு விழுந்த எடத்த அப்படியே விட்டுட்டு, கழுவாம, பக்கவாட்டுல நாலு பக்கமும் போட்டோ எடுங்க. வேற ஒரு நல்ல பட்டறைல காட்டி என்ன குறைன்னு ஒரு லெட்டர்ஹெட்ல எழுதி வாங்குங்க, கொஞ்சம் காசு கேட்பாங்க, குடுத்துடுங்க.

அப்புறம் கடைக்கு போன்ல பேசறத நிறுத்திட்டு எழுத்துல போங்க. ஒரு கடிதம், என்னிக்கு வாங்கினோம், பில் நம்பர், என்ன குறை, என்ன வேணும், எத்தனை நாளுக்குள்ள, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி காப்பி வெச்சுக்கோங்க. பல கடைங்க இந்த எடத்துலயே இறங்கி வந்துடும். வரலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 வருஷத்து நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்க குடியிருக்கற எடத்துலயே வழக்கு போடலாம், கடை எங்க இருந்தாலும் சரி. குறை தெரிஞ்ச நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், குடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. பில் உங்க வீட்டு பேர்ல இருந்தாலும், வாங்கினவரோட சம்மதத்தோட அந்த பொருள உபயோகிக்கறவங்களும் நுகர்வோர் தான்னு சட்டத்துலயே இருக்கு, அதனால பொண்ணே கூட புகார் குடுக்கலாம். கேரண்டி இல்லன்னு பில்லுல அச்சடிச்சிட்டா குறையான பொருள விக்கலாம்னு ஆகிடாது.

பொண்ணு வீட்ல இப்போ கூனிக் குறுகி உக்காந்திருப்பாங்க, "நம்ம பொண்ணு தொலைச்சிட்டா"ன்னு. இன்னிக்கே யாராவது ஒரு பெரியவங்க போன் பண்ணி உங்க தப்பு இல்லம்மான்னு சொல்லிடுங்க, கடை விஷயம் மெதுவா நடக்கட்டும்.

அக்கா, வாங்கின கடை வெளியூர்ல இருக்கு. கம்பி டைட் பண்ண சௌகார்பேட்டைல பட்டறைல குடுக்கலாம்னு சொல்றாங்க. கல்ல மாத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு.
– புது வண்ணாரப்பேட்டை வாசகி

மெட்ரோல ஹைகோர்ட்லயோ மண்ணடிலயோ இறங்கி மிண்ட் தெரு, என்.எஸ்.சி. போஸ் ரோடு பக்கம் சந்துக்குள்ள போனா மாடி மாடியா பட்டறை தான், நம்ம பத்தர்களும் இருக்காங்க, வங்காளத்துல இருந்து வந்த நல்ல கைகாரங்களும் இருக்காங்க. கண்ணு போற வேலை அது, குனிஞ்ச முதுகோட காலைல இருந்து ராத்திரி வரைக்கும் அந்த சின்ன லைட்டுக்கு கீழ உக்காந்து செய்யறவங்கள எல்லாரையும் கல்ல மாத்தறவங்கன்னு நெனைக்க வேணாம். ஆனா நீங்க உஷாரா இருக்கறதும் தப்பே இல்ல, நல்ல பத்தர் அத தப்பா எடுத்துக்க மாட்டாரு.

சர்டிபிகேட் உள்ள வைரம்னா பல கல்லுங்கள்ல விளிம்புல அந்த சர்டிபிகேட் நம்பர லேசர்ல எழுதி இருப்பாங்க, லூப் வெச்சு தேடினா தெரியும், குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, வாங்கும்போது ஒரு தடவ, அவங்க கண்ணு முன்னாடியே பாருங்க. கல்லுக்குள்ள இருக்கற சின்ன புள்ளியோ கோடோ எந்த எடத்துலன்னு சர்டிபிகேட்ல படம் போட்டிருந்தா அதுவும் நல்ல அடையாளம். மோதிரத்த மில்லிகிராம் தராசுல எடை போட்டு, மொத்த எடை, கல்லோட சென்ட், என்ன வேலை, எவ்ளோ கூலி எல்லாம் எழுதின ரசீது வாங்குங்க. வைர எடைக் கணக்குல 100 சென்ட் ஒரு கேரட், அது 0.2 கிராம் (தங்கத்தோட தரம் சொல்ற கேரட் வேற), அதனால சின்ன கல்லுன்னா எடைய மட்டும் நம்பி இருக்க முடியாது, நம்பரும் போட்டோவும் முக்கியம். கடைல வெச்சிருக்கற டெஸ்டர் பேனா பச்சை லைட் எரிஞ்சா வைரம்னு மட்டும் தான் சொல்லும், நிலத்துல இருந்து வந்ததா லேப்ல வளர்த்ததான்னு சொல்லாது.

வெறும் டைட் பண்றதுன்னா கொஞ்ச நேரத்துல முடியற வேலை, உக்காந்து வாங்கிட்டே வந்துடுங்க. தங்கம் ஏத்தணும்னா லேசர் வெல்டிங் இருக்கற எடமா பாருங்க, கல்லுக்கு சூடு போகாது. நெருப்புல செய்யறவங்க வைரத்துக்கு மேல போரிக் ஆசிட் பூசிட்டு செய்வாங்க, அதுவும் சரி தான். ஆனா மோதிரத்துல மரகதமோ முத்தோ ஓப்பலோ இருந்தா கண்டிப்பா நெருப்பு காட்டக் கூடாது, கல்ல கழட்டிட்டு தான் செய்யணும், இத நீங்க வாய் விட்டு சொல்லுங்க. பாலிஷ் போட்டு வந்ததும் உள்பக்கம் ஹெச்யூஐடி அழியாம படிக்கற மாதிரி இருக்கான்னும் ஒரு பார்வை.

எங்களுக்கு மீன் வியாபாரம். எப்பவும் கை ஈரமா தான் இருக்கும், ஐஸ் பெட்டி கழுவறது, வலை இழுக்கறதுன்னு. நிச்சய மோதிரத்த கழட்டவே கூடாதுன்னு மாமியார் ஆசைப்படறாங்க. ஏற்கனவே ஒரு கம்பி வளைஞ்சிடுச்சு.
– காசிமேடு

உங்க வேலைக்கு கம்பி வெச்ச மோதிரம் சரிப்படாதும்மா, மாமியாரோட ஆசைய மதிச்சே ஒரு வழி சொல்றேன். அதே கல்ல எடுத்து க்ளோஸ் செட்டிங்கா, சுத்தி தங்கத்தாலயே மூடின மாதிரி கட்டச் சொல்லுங்க, வலை மாட்டாது, விளிம்பும் பத்திரம், வைரம் கொஞ்சம் சின்னதா தெரியும் அவ்ளோ தான். ஐஸ் பெட்டிக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டு கழுவறப்போ மட்டும் எந்த மோதிரமா இருந்தாலும் கழட்டிடுங்க. 18 கேரட்டுல கால்வாசி வேற உலோகம், குளோரின் அத அரிக்கும், கம்பி வெளிய பாக்க பளபளன்னு இருந்துட்டே உள்ள நொறுங்கற மாதிரி ஆகிடும், ஒயிட் கோல்டுல இது இன்னும் அதிகம். செதில், ஐஸ், கொழுப்பு படிஞ்சத எடுக்க வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் சோப்பு, குழந்தை ப்ரஷ், ஒரு கிண்ணத்துக்குள்ள வெச்சு கழுவுங்க, ஓடற குழாய்க்கு கீழ வேணாம். கல்லு ஆடற மோதிரத்த கடைல நகை கழுவ வெச்சிருக்கற அல்ட்ராசோனிக் மெஷின்ல போட விடாதீங்க, அந்த அதிர்வுல கழண்டுடும்.

அடுத்த மாசம் சர்ச்சுல எங்க நிச்சயம். மோதிரம் இனிமே தான் வாங்கணும். 4 கம்பியா 6 கம்பியா?
– பெரம்பூர் தம்பி

6. நியூயார்க்ல டிஃபனி கடை 1886ல கொண்டு வந்ததே ஆறு கம்பி மோதிரம் தான், ஒண்ணு போனாலும் மத்த அஞ்சு கல்ல புடிச்சிருக்கும், நாலுல ஒண்ணு போனா கல்லு அன்னிக்கே ஆட ஆரம்பிச்சிடும். சதுரமான பிரின்சஸ் கட் கல்லுன்னா நாலு மூலையிலயும் வி வடிவத்துல மூடற கம்பி இருக்கணும், அந்த மூலைங்க தான் சீக்கிரம் தெறிக்கறது. பொண்ணோட விரல் அளவ முன்னாடியே சரியா எடுத்துக்கோ, அப்புறமா பெருசாக்கறேன் சின்னதாக்கறேன்னு வளையத்த வளைச்சா கம்பிங்களும் அசையும், அளவு மாத்தினா கல்ல திரும்ப செக் பண்ணி குடுக்கணும்னு சொல்லிடு. ஒரு பட்டுத் துணியோ நைலான் துப்பட்டாவோ எடுத்துட்டு போய் வாங்கறதுக்கு முன்னாடி கல்லு மேல நாலு பக்கமும் தேய்ச்சு பாரு, ஒரு நூல் மாட்டினாலும் அந்த பீஸ வெச்சிட்டு வேற பீஸ் கேளு. பில்லுல தங்கத்தோட எடை, 18 கேரட் 750, கல்லோட சென்ட், சர்டிபிகேட் நம்பர் எல்லாம் தனித்தனியா இருக்கணும், கம்பி டைட் பண்றது எத்தனை மாசம் இலவசம்னும் அதே பில்லுல கையெழுத்தோட எழுதி வாங்கிட்டு, அதுக்கப்புறம் காசு கட்டு.